கீழத்திட்டின் இணக்க எண்

அன்றைக்கு செமினாரில் இளவஞ்சி சிரித்திருக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், ஒருத்தரும் ஏன் என்று கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் வகுப்பே சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களோ என்று அவளுக்கு ஒரு பயம். இரண்டு வருஷமாக அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். அதனால் சிரித்தாள். கொஞ்சம் சத்தமாகவே சிரித்துத் தொலைத்தாள்.

படிப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். புவி அறிவியலுக்கான கணினி மாதிரியாக்கமும் தரவு அறிவியலும். கடலோரத்தில் இருந்த அந்தக் கல்லூரியில் மற்ற துறைக்காரர்கள் அதை 'மண்ணு கம்ப்யூட்டர்' என்று சுருக்கிவிட்டார்கள். முதல் வருஷம் முழுக்கக் கணக்கு. இரண்டாம் வருஷம் நிகர். நிகர் என்றால் கணினிக்குள் வளர்க்கிற இன்னொரு நிலம். வெளியே இருக்கிற ஆறு, கழிமுகம், களிமண், சவுக்குத்தோப்பு, ரோடு, வீடு எல்லாம் உள்ளேயும் இருக்கும். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனால் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, நாளைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று இன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரைக் கணக்குப் போடுவது பழைய சங்கதி. துறைத் தலைவர் டாக்டர் மாதங்கி செய்த புதுமை, மனிதர்களையும் பிடித்து உள்ளே போட்டது. "தண்ணி எங்க வரும்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதா? ஜனங்க எந்திரிச்சுப் போவாங்களா மாட்டாங்களான்னு தெரிய வேணாமா?" என்று அவர் எல்லா மேடையிலும் கேட்பார். அதற்காக ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். இணக்க எண். எச்சரிக்கை கொடுத்தால் பத்துப் பேரில் எத்தனை பேர் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள் என்பது அது. பழைய புயல்களின்போது யார் யார் முகாமுக்குப் போனார்கள், யார் யாருடைய கைப்பேசி இருந்த இடத்திலேயே இருந்தது என்பதையெல்லாம் தின்றுவிட்டு நிகர் அந்த எண்ணைத் துப்பும். ஆளில்லாப் படகுகளை எங்கே முதலில் அனுப்புவது, கரையில் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்வது என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

கடற்கரையைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தபோது, குலுக்கலில் இளவஞ்சிக்கு அவள் பிறந்த கரையே வந்து விழுந்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே! வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். வகுப்பைப் பொறுத்தவரை அவள் கடலூர் டவுன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பெண். அப்பா ஏதோ கம்பெனியில் வேலை.

செமினாரில் அவள் தன் துண்டைத் திரையில் காட்டினாள். மேலூர் பத்துக்கு ஒன்பது. கோரைமேடு பத்துக்கு எட்டு. கழிமுகத்தின் நடுவில் ஒரு சின்னத் திட்டு, கீழத்திட்டு, பத்துக்கு ஒன்று.

"ஒண்ணா!" என்றான் நிரஞ்சன். ஈரோட்டுப் பையன், கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது, வாய்தான் கொஞ்சம் நீளம். "படகு போயி நின்னு, கதவத் தொறந்து, வாங்க வாங்கன்னு கூப்பிடும். இவங்க, இருப்பா, சீரியல் முடியட்டும்பாங்க."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. அப்போதுதான் அவளும் சிரித்தாள்.

மாதங்கியும் புன்னகையை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். "காரணம் என்ன எழுதியிருக்க இளவஞ்சி?"

"விழிப்புணர்வுக் குறைவு, மேடம்."

"ம். குட். அடுத்தது போ."

அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. அரசாங்க அறிக்கைகளில் ஆயிரம் முறை படித்த வார்த்தைகள். எழுதும்போது ஒரு தடவைகூட நிறுத்தி யோசிக்கவில்லை. அன்று மத்தியானம் ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வார்த்தைகள் உறைத்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளுக்குக் காரணம் தெரியும். கீழத்திட்டில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் நான்காவது படிக்கும்போது ஒரு புயல் வந்தது. சைரன் ஊதியதும் திட்டே கிளம்பிவிட்டது. ஒருத்தர் விடாமல் மேலூர் பள்ளிக்கூட முகாமுக்குப் போனார்கள். வகுப்பறைகளில் மேலூர்க்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்ற ஆள் இவர்களைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்து, "காலனிக்காரங்கல்லாம் அந்த சைக்கிள் ஷெட்டுல இருந்துக்கங்க" என்றான். தகரக் கூரை, சுவர் கிடையாது, மழை பக்கவாட்டில் அடித்தது. உள்ளே சாப்பிட்டு மிச்சமானது வெளியே வந்தது. கழிப்பறைச் சாவியைக் கேட்டதற்கு, தொலைந்துவிட்டது என்றார்கள். பெண்கள் கருவேலம்புதருக்குப் போனார்கள், ஒருத்திக்கு ஒருத்தி புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு. மாடி ஜன்னலிலிருந்து யாரோ டார்ச் அடித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா திரும்பி வந்து இளவஞ்சியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

புயல் கடந்ததும் அப்பா கலியமூர்த்தி சொன்னார்: "இனிமே செத்தாலும் நம்ம மண்ணுலதான் சாவறது." திட்டில் ஒருத்தரும் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்து வந்த இரண்டு புயல்களிலும் தண்ணீர்த் தொட்டி மேடையில் ஏறி, கயிற்றால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தப்பித்தார்கள். நிகர் தின்ற பதிவில் அது ஒரே வரியாக இருந்தது: முகாமுக்கு வர மறுத்தனர்.

அந்த வரிக்குப் பக்கத்தில் உண்மையை எழுத அவளுக்கு இடமிருந்தது. எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தன்னைப் பெற்றவர்களை விழிப்புணர்வு இல்லாதவர்கள் ஆக்கினாள். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

ஐப்பசி கடைசியில் புயல் சின்னம் உருவானது. அந்தப் பருவத்தில்தான் முதல் முறையாக நிகரை மாவட்ட அவசர மையத்தோடு இணைத்திருந்தார்கள். துறையின் லேபிலேயே கட்டுப்பாட்டு அறை. மாவட்ட அதிகாரி தணிகைவேல் இரண்டு போனோடு வந்து மாதங்கியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாணவர்களை அவரவர் கரையைப் பார்க்கச் சொல்லி உட்கார வைத்திருந்தார்கள். பகல்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே மப்பும் மந்தாரமுமாக, விளக்குப் போடாமல் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை.

இளவஞ்சி தன் துண்டை ஓடவிட்டாள். ஆற்றின் வாயைப் போன கோடையில் மணல் மூடியிருந்தது. மேலே அணையில் திறந்துவிட்ட தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் கழிமுகத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது. நிகருக்குள் சாயங்காலம் ஆனது. திட்டின் குடிசைகள் மறைந்தன. கோயில் மறைந்தது. தண்ணீர்த் தொட்டி மேடை இருந்த இடத்தில் வெறும் நீலம்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். மறுபடி நீலம்தான்.

படகுகளின் வரிசையைத் திறந்தாள். கோரைமேட்டுக்கு முதல் நடையிலேயே படகு. கீழத்திட்டு கடைசியில், எல்லோரையும் ஏற்றி முடித்த பிறகு, ஒரே ஒரு படகு. அதுவும் கரையில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஆள் ஏறாவிட்டால் கதவை மூடிக்கொண்டு திரும்பிவிடும். கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி வைக்க அதில் ஒரு டிரைவர்கூடக் கிடையாது. இந்த ஏற்பாட்டை எழுதியதே இவள் துறைதான்.

ஒன்று என்றிருந்ததை எட்டு என்று மாற்றினாள்.

நிகர் உடனே கீழ்ப்படிந்தது. கோரைமேட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு படகு திரும்பி, திட்டைப் பார்த்து வர ஆரம்பித்தது. கோரைமேட்டுக் கரையில் ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து நிற்பது கேமராவில் தெரிந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், தன்னை விட்டுத் திரும்புகிற படகைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இளவஞ்சி அவசர அவசரமாக எட்டை அழித்துப் பழையபடி ஒன்றைப் போட்டாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்து நிரஞ்சன் எட்டிப் பார்த்தான். "ஏ புள்ள, என்ன பண்ற? அதுல கைய வெக்காத. மாத்துனா காரணம் கேக்கும்."

"திட்டு முழுகப் போகுது நிரஞ்சன்."

"தெரியுது. பாவந்தான். ஆனா படகு அனுப்பி என்ன ஆகப்போகுது? அவங்க ஏற மாட்டாங்க. நீயேதான எழுதியிருக்க?"

அவன் வஞ்சகமாகச் சொல்லவில்லை, அவள் எழுதியதைத்தான் அவளுக்குத் திருப்பிச் சொன்னான். அவள் எழுந்து நின்றாள்.

"மேடம், நான் எழுதினது பொய்."

மாதங்கி திரும்பினார். "எது?"

"கீழத்திட்டு. விழிப்புணர்வுக் குறைவுன்னு எழுதினது. அவங்களுக்கு விழிப்புணர்வெல்லாம் நெறையவே இருக்கு. புயலப் பத்தி நம்மளவிட அவங்களுக்குப் பயம் ஜாஸ்தி. அவங்க முகாமுக்குப் போகாததுக்கு வேற காரணம்."

"இப்ப வந்து சொல்றியா? என்ன ஆதாரம்? யார் சொன்னா?"

இதுதான் அந்தக் கேள்வி. இரண்டு வருஷமாக ஓடி ஒளிந்த கேள்வி கடைசியில் மடக்கிப் பிடித்துவிட்டது. லேபில் இருந்த அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அந்த ஊரு மேடம்."

"எந்த ஊரு?"

"கீழத்திட்டு. காலனி. எங்கப்பா இறால் பண்ணையில குட்டை காவல். கடலூர் டவுனுன்னு சொன்னது, கம்பெனின்னு சொன்னது, எல்லாமே பொய்." அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. சைக்கிள் ஷெட்டைச் சொன்னாள். சாவியைச் சொன்னாள். டார்ச் வெளிச்சத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்து, அம்மா என்று சொல்ல வந்ததை 'ஒரு பொம்பள' என்று மாற்றிச் சொன்னாள்.

காற்று ஜன்னல் கண்ணாடியைப் படபடவென்று ஆட்டியது.

நிரஞ்சன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அன்னிக்கு... நான் அந்த சீரியல் ஜோக் அடிச்சப்ப..." என்று இழுத்தான். "நீயும் சிரிச்சியே இளா?"

"ஆமா. சிரிச்சேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. இருந்த கோபமெல்லாம் தன் மேல்தான், அதற்கே அது போதவில்லை.

மாதங்கி கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி. அழறதுக்கு இப்ப நேரம் இல்ல. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. நான் இப்ப அந்த எண்ணை எட்டுன்னு மாத்துறேன்னு வெச்சுக்கோ. படகு போகுது. ஏறுவாங்களா?"

இளவஞ்சி யோசித்தாள். அப்பாவின் முகம் கண்ணெதிரே வந்து நின்றது.

"மாட்டாங்க மேடம். படகு மேலூருக்குத்தான் போகும்னு தெரிஞ்சா யாரும் ஏற மாட்டாங்க."

"அப்ப எண் சரியாத்தான இருக்கு?"

"எண் சரிதான். ஆனா அது திட்டோட எண் இல்ல மேடம். அந்தப் பள்ளிக்கூடத்தோட எண். பத்துப் பேர் போனா எத்தன பேர மனுஷங்களா உள்ள விடும்கற எண். அத நாம தூக்கி எங்க ஜனங்க தலையில எழுதிட்டோம். நாமன்னா... நான்."

மாதங்கி அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே விசைப்பலகையில் கை வைத்தார். நிகரில் முகாம்களுக்கு என்று ஒரு பட்டியல் உண்டு. எத்தனை பேர் தங்கலாம், தரை எவ்வளவு உயரம், கூரை என்ன வகை என்றெல்லாம் அதில் இருந்தது. உள்ளே யாரை விடுவார்கள் என்று இல்லை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. மாதங்கி புதிதாக ஒரு கட்டம் திறந்து, எண்ணைக் குடியிருப்பிலிருந்து எடுத்து முகாமின் பக்கம் மாற்றி, மொத்தக் கடற்கரையையும் ஓடவிட்டார்.

எண் குறைந்த இடத்தை நிகர் சிவப்பாகக் காட்டும்; திரையில் மேலூர் பள்ளி சிவந்தது. அதோடு நிற்கும் என்று நினைத்திருந்தார்கள். நிற்கவில்லை. வடக்கே ஒரு கல்யாண மண்டபம் சிவந்தது. தெற்கே ஒரு பள்ளி, அதற்கப்பால் இன்னொன்று. 'ஒத்துழைக்காத குடியிருப்பு' என்று பேர் வாங்கிய இடமெல்லாம் வெளுத்துக்கொண்டே வர, அவற்றுக்குரிய முகாமெல்லாம் சிவந்துகொண்டே போனது. கடற்கரை நெடுக அப்படித்தான்.

அதிகாரி தணிகைவேல் எழுந்து வந்தார். பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "மேடம், இத இப்ப வெளிய காட்டாதீங்க. புயல் முடியட்டும். மேலூர்ல பெரிய மனுஷங்கல்லாம் இருக்காங்க, நாளைக்கு எனக்குப் பிரச்சினையாகும்."

"நான் காட்டல சார். அதுவாத்தான் தெரியுது."

"அழிச்சுடுங்களேன்."

"இத்தன வருஷமா நான் கேக்காம விட்ட கேள்வி இது சார்," என்றார் மாதங்கி. அவருடைய முகம் கறுத்திருந்தது. "ஜனங்க ஏன் வரலன்னு மேடை மேடையா ஏறிக் கேட்டேன். எங்க கூப்பிட்டோம்னு ஒரு தடவ கேட்டேனா? அழிக்க மாட்டேன். உங்களுக்கு ஆகாதுன்னா நான் எழுதிக் குடுத்துடறேன், என் பொறுப்புன்னு. இப்ப நம்ம ஆடிட்டோரியத்த முகாம்னு அறிவிங்க. பின்பக்கம் வாய்க்கால் இருக்கு, படகு வாசல்வரைக்கும் வரும்."

தணிகைவேல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். வாய் முணுமுணுத்தாலும் மனுஷர் காரியத்தை முடித்துவிட்டார். கல்லூரியை முகாமாகச் சேர்த்ததும் நிகர் மறுபடி கணக்குப் போட்டது. மேலூர் போய்த் திரும்பும் தூரத்தில் பாதிகூட இல்லை இது. கோரைமேட்டிலிருந்து ஒரு படகையும் பிடுங்காமலே திட்டுக்கு இரண்டு படகு கிடைத்தது. ஆனால் கீழத்திட்டுக்காரர்கள் கல்லூரிக்கு வருவார்களா என்ற இடத்தில் நிகர் எண் எதுவும் போடவில்லை. 'தரவு இல்லை' என்று மட்டும் காட்டியது.

"அப்பாவுக்குப் போன் போடு," என்றார் மாதங்கி.

அவள் வராந்தாவுக்குப் போய்ப் போட்டாள். நாலைந்து தடவை முயன்ற பிறகு லைன் கிடைத்தது. அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல்தான் அதிகம்.

"படகு வருதுப்பா. ரெண்டு. எல்லாரையும் ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க."

"மேலூருக்கா? அந்தப் பேச்சே வேணாம்மா. நாங்க தொட்டி மேல..."

"தொட்டி முழுகிடும்பா! இந்தத் தடவ தொட்டியும் முழுகிடும், நான் பாத்துட்டேன். மேலூருக்கு இல்ல. எங்க காலேஜுக்கு."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"உங்க காலேஜுக்கா?" என்றார் கலியமூர்த்தி. "அங்க உன்கூடப் படிக்கிறவங்கல்லாம் இருப்பாங்களேம்மா."

அந்த ஒரு வாக்கியம் அவளைக் கூனிக் குறுக வைத்தது. முதல் வருஷம் ஒருநாள் அப்பா கருவாடும் முறுக்கும் எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வந்திருந்தார். அவள் ஓடிப்போய் அவரை பஸ் ஸ்டாப்புக்குத் தள்ளிக்கொண்டு போய், பையை வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினாள். உள்ளே விட மாட்டார்கள், ரூல்ஸ் என்று சொன்னாள். சரிம்மா என்று போனவர் அப்புறம் வரவே இல்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. அவருக்கு அது புரியவில்லை என்று அல்லவா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்!

"இருந்தா இருந்துட்டுப் போறாங்கப்பா. வாங்க. படகு ரொம்ப நேரம் நிக்காது. அம்மாவ முன்னாடி ஏத்துங்க."

"சரிம்மா, வரோம். நான் எல்லார்கிட்டயும் சொல்லிக் கூட்டியாறன். நீ பயப்படாத."

நான் இங்கே சொல்லிவிட்டேன் அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். லைன் போய்விட்டது.

படகுகள் வந்து சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆடிட்டோரியத்தின் பின்வாசலிலிருந்து வாய்க்கால் படிவரை மாணவர்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். கேன்டீன்காரர் அண்டா நிறைய டீ போட்டு வைத்திருந்தார். நிரஞ்சன் ஹாஸ்டல் போர்வைகளையெல்லாம் வாரிக்கொண்டு வந்திருந்தான். மாதங்கி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியருகே நின்றார். அவருக்குப் பக்கத்தில் இளவஞ்சி.

முதலில் இறங்கியது பவுனு அத்தை, அப்பாவின் அக்கா. இளவஞ்சிக்கு எட்டாவது வரைக்கும் தலை பின்னிவிட்டவள். இளவஞ்சி கையை நீட்டினாள். அத்தை அந்தக் கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்து சித்தப்பா. அவரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அண்ணி, அவள் பிள்ளைகள், சேர்ந்து நண்டு பிடித்துத் திரிந்த சிநேகிதி, ஒருத்தர் பாக்கியில்லாமல் அவளைக் கடந்து போனார்கள். பிள்ளைகள்கூட! அந்த வாண்டுகள் இவளைக் கண்டால் 'வஞ்சிக்கா' என்று கத்திக்கொண்டு காலைக் கட்டிக்கொள்ளும். இன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நடந்தன. அம்மா இறங்கினாள். ஈரப் புடவையில் வெடவெடத்துக்கொண்டிருந்தாள். இளவஞ்சியின் கால்களை ஒரு தடவை பார்த்தாள், அதற்குமேல் கண்ணை உயர்த்தாமல் உள்ளே போய்விட்டாள்.

தெரிந்துவிட்டது என்று நினைத்தாள் இளவஞ்சி. நான் எழுதியது எப்படியோ இவர்களுக்குத் தெரிந்துவிட்டது. காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலாம். பக்கத்தில் மாதங்கியும் நிரஞ்சனும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றது அதைவிடக் கொடுமையாக இருந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசியாகக் கலியமூர்த்தி இறங்கினார். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு ஏறியவர், எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்கினார். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு மகளுக்கு எதிரே வந்து நின்றார்.

"வணக்கம் மேடம்," என்றார் அவளைப் பார்த்து. "எங்க ஆளுங்கல்லாம் எங்க உக்காரணும்னு சொன்னீங்கன்னா, ஒரு தொந்தரவும் இல்லாம உக்காந்துக்குவோம்."

முகத்தில் ஒரு சலனம் இல்லை. நன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. இளவஞ்சிக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லார்கிட்டயும் சொல்லிக் கூட்டியாறன் என்று அவர் போனில் சொன்னது இதைத்தான். கொட்டுகிற மழையில், தண்ணீர் காலுக்குக் கீழே ஏறிக்கொண்டிருக்கும்போது, அவர் ஒவ்வொரு வீடாகப் போய், அங்கே என் மகள் படிக்கிறாள், யாரும் அவளைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அத்தை அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறாள். அந்த வாண்டுகள் வரைக்கும் ஒத்துக்கொண்டிருக்கின்றன.

"அப்பா," என்றாள்.

கலியமூர்த்தி திடுக்கிட்டார். சட்டென்று மாதங்கியைப் பார்த்து, எதையோ சமாளிக்கிறவர்போலச் சிரித்தார். "பாவம், புள்ள பயந்துபோயிருக்கு மேடம். யாரையோ நெனச்சுக்கிட்டுக் கூப்புடுது." சொல்லிவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.

நிரஞ்சன் கையிலிருந்த போர்வையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்பா, நான் சொல்லிட்டேம்பா." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. "எல்லாத்தையும் சொல்லிட்டேன். இவங்க எல்லாருக்கும் தெரியும்."

கலியமூர்த்தி மகளைப் பார்த்தார், கையை விடுவித்துக்கொள்ளவா வேண்டாமா என்று தெரியாதவர்போல நின்றார். சந்தோஷப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது கவலைதான்.

"ஏம்மா சொன்ன? இன்னும் ஒனக்குப் பரிச்ச பாக்கி இருக்குதுன்னியே."

மாதங்கிக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். மாதங்கிக்குக் கேட்டுவிட்டது.